அழட்டும், சொல்லிவிட்டுப் போங்கள்

மலாக்கா டவுனில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். தொண்ணூறுகளின் நடுவில் சில வருடங்கள் அதில் ஓர் அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் துக்கத்தைக் கேட்பதை நான் வேலையாகச் செய்தேன். கீழே நாள் முழுக்கத் தையல் மெஷின்கள் ஓடும். மேலே காற்றாடி ஓடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் கணவர் "சாப்டியா?" என்று கேட்பதற்குக்கூட எனக்குப் பதில் சொல்லப் பிடிக்காது. காது நிறைந்து போயிருக்கும்.

எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை. ஆனால் கவுன்சலர் என்றால் என்னவென்று அன்றைக்கு எங்கள் ஆட்களுக்குப் பிடிபடவில்லை. டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை, சாமி வந்து ஆடுகிறவளும் இல்லை. ஊசியும் போடுவதில்லை, கயிறும் கட்டுவதில்லை. பிறகு எதற்கு இவள்? "நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க டீச்சர்" என்று ஆளைக் கொண்டுவந்து விடுவார்கள். ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவைக் கேட்பதுபோல், சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். சிலநாள் சிரிப்பு வரும். பலநாள் எரிச்சல்தான் வரும்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு மாமியார் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மருமகளுக்கு முப்பது நெருங்கும் வயது. கம்ப்யூட்டர் சிப்பு செய்கிற பாக்டரியில் காலை ஷிப்ட். கணவன் லாரி ஓட்டி. பாதி நாள் ஜொகூரில், மீதி நாள் தூக்கத்தில். நாலு வயதில் ஒரே மகள். மாமியாருக்குச் சொந்த வீடு மெர்லிமாவில். பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காக அதைப் பூட்டிவிட்டு, மகன் வீட்டில் வந்து தங்கியிருந்தார்.

"இவளுக்கு என்னமோ கோளாறு டீச்சர்," என்றார் மாமியார். "காலையில வேலைக்குக் கெளம்புறப்ப, தூங்குற பிள்ளைய உலுக்கி எழுப்புறா. எழுப்பி, 'அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்'னு சொல்றா. அது வீறிட்டுக் கத்துது. இவளும் பக்கத்துலயே உக்காந்துடுறா. கம்பெனி பஸ்ஸு போயிடுது. சூப்பர்வைசர் ஏற்கனவே வார்னிங் குடுத்துட்டான். எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா லா?"

மருமகள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ள தூங்குறப்ப சத்தம் போடாம நழுவிடணும். அதான முறை? நான் ஆயாவா இருந்தவ டீச்சர். தோட்டத்துல எத்தனை பிள்ளைங்கள வளத்திருக்கேன். சொல்லிட்டுப் போனாத்தான் அழும். சொல்லாமப் போனா கொஞ்ச நேரத்துல மறந்துடும்."

ஆயாக் கொட்டகையை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நானும் அதில் கிடந்து வளர்ந்தவள்தான். ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடிக்கும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். ஆள் கணக்கு எடுக்கும் அந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் பெண்கள் தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கி வந்து, கொட்டகையில் சாரோங் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடுவார்கள். பிள்ளை விழித்தால் ஆயாவின் முகம்தான் தெரியும். மத்தியானம் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றத்தோடு அம்மா திரும்பி வருவாள். எங்கள் தோட்டங்களில் யாரும் இதைக் கொடுமை என்று நினைத்ததில்லை. பெரட்டு அப்படி, பிழைப்பு அப்படி. ஆனால் தோட்டம் விற்று, கொட்டகை இடிந்து, எல்லோரும் டவுனுக்கு வந்து பாக்டரி பஸ்ஸில் ஏறத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. பிள்ளையிடம் சொல்லாமல் போவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று எங்களுக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

கிளம்பும்போது மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். "தீபாவளி வரைக்கும் பாப்பேன் டீச்சர். இவ சரியாவலன்னா பிள்ளைய மெர்லிமாவுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். என்கிட்டயே வளரட்டும். என் வீடும் பூட்டிக் கெடக்கு, ஆடெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் தயவுல நிக்குது."

தூக்கிட்டுப் போயிடுவேன் என்றதும் மருமகளின் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்தது.

அடுத்த வாரத்திலிருந்து அவள் தனியாக வந்தாள். காலை ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு, செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில். முதல் நாளே கேட்டாள், "கதவ கொஞ்சம் தொறந்து வைக்கலாமா டீச்சர்?"

ஆலோசனை நடக்கும்போது கதவைச் சாத்த வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த நேரத்தில் வெளியே வேறு யாரும் இருக்கமாட்டார்கள். திறந்து வைத்தேன். கதவு தெரிகிற நாற்காலியாகப் பார்த்து அவள் உட்கார்ந்தாள். அடிக்கடி வாசலைப் பார்த்தாள். யாராவது வந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள் என முதலில் நினைத்தேன். பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் பார்த்தது என் செருப்பை. மாடிக்கு வருகிறவர்கள் எல்லோரும் செருப்பை வெளியே கழற்றுவோம். என் செருப்பு அங்கே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டே அவள் பேசினாள். நான் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தபோதும்!

அவள் பேச ஆரம்பிக்கவே நாளாயிற்று. முதலில் மகள் பற்றி, சூப்பர்வைசர் பற்றி. பிறகு தூக்கம் பற்றி. மகளுக்கு நாலு வயது ஆனதிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. பிள்ளையின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். கண் சொருகினால் திடுக்கிட்டு விழித்து, பிள்ளை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தூங்கிவிடுவோமே என்று பயந்து போடவில்லை.

பிறகு ஒருநாள், மழை பெய்துகொண்டிருந்தது, சாதாரணமாக ஏதோ சமையல் பேச்சு பேசுவதுபோல் சொன்னாள்.

"எனக்கு நாலு வயசு இருக்கும் டீச்சர். சிம்பாங் அம்பாட் பக்கத்துல தோட்டம். மத்தியானம் அம்மா சோறு ஊட்டிவிட்டு என்னைப் படுக்க வச்சாங்க. அவங்களும் பக்கத்துல படுத்துக்கிட்டாங்க. நான் எந்திரிச்சுப் பாத்தா வேற கூரை. கருவாட்டு வாடை. பெரியம்மா குனிஞ்சு, 'எந்திரிச்சிட்டியா கண்ணு'ங்கிறாங்க. கோலா சுங்கை பாருல அவங்க வீடு. அவங்களுக்குப் பிள்ள இல்ல. எங்க வீட்டுல நெறையப் பிள்ளைங்க. டாக்சி வச்சு தூங்குறப்பவே தூக்கியாந்துட்டாங்க. சொன்னா அழுவேன்னுதான்."

"அழுதியாமா?"

"இல்ல. அதுல எல்லாருக்கும் ரொம்பச் சந்தோசம். 'பாரு, நல்ல பிள்ள, அழவே இல்ல'ன்னாங்க."

அம்மா மாதம் ஒருமுறை பார்க்க வருவாளாம். வந்து மடியில் வைத்துக் கொஞ்சி, தலை பின்னி, கிளம்பும் நேரத்தில், "போய் மூஞ்சி கழுவிட்டு வா, பவுடர் போட்டு விடுறேன்" என்பாளாம். கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் வாசலில் அம்மாவின் செருப்பு இருக்காது. கொஞ்ச காலத்தில் பிள்ளை மூஞ்சி கழுவப் போவதை நிறுத்திவிட்டு, செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தது. அப்போது பெரியம்மா கடைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி வேறு வழியாகத் தூக்கிப் போனார். யார்மேலும் தப்பில்லை என்று அவள் சொன்னாள். பெரியம்மா நல்லா வச்சிருந்தாங்க, மீன் வறுத்துத் தருவாங்க என்றாள். இதையெல்லாம் சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்த வருடங்களில் நான் கோலாலம்பூருக்கு வாரக் கடைசிகளில் ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிணைப்புக் கோட்பாடு அங்கேதான் எனக்கு அறிமுகமானது. போட்டோஸ்டேட் எடுத்த தாள்களை பஸ்ஸில் வைத்துப் படிப்பேன். பாதி வழியில் சிரம்பான் வருவதற்குள் தூங்கிவிடுவேன். ஆனாலும் படித்தவரை மனதில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்குப் பாலும் சோறும் மட்டும் போதாது. பயம் வந்தால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் போனாலும் வருவாள் என்று நம்பிக்கை வந்துவிட்ட பிள்ளை தைரியமாக விளையாடப் போகும். நம்பிக்கை வராத பிள்ளைகளில் சில இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில, எனக்கு யாரும் வேண்டாம் என்று பேசாமல் கிடக்கும். பேசாமல் கிடப்பதை நாம் சமர்த்து என்று மெச்சுவோம். வளர்ந்த பிறகும் கணவனிடம், மேலதிகாரியிடம், எங்களைப்போல் எதிரில் உட்கார்ந்து கேட்கிறவர்களிடம் அதே சமாளிப்பு தொடரும். அதனால் சிகிச்சை கொடுக்கிறவள் புத்தி சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. சொன்ன நேரத்துக்கு இருக்க வேண்டும். போவதானால் முன்னதாகச் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் திரும்பி வர வேண்டும். வந்ததும் எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். பிரியும்போது வரும் அழுகையைவிட, திரும்பி வந்த ஆளை எப்படி வரவேற்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று அந்தத் தாள்கள் சொல்லின.

படிக்க எளிதாக இருந்தது. செய்யத்தான் எலும்பு நொந்தது.

அவளிடம் "நீ செய்வதுதான் சரி" என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்களில் ஒருத்தியாவது பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போக நினைக்கிறாளே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட. ஆனால் அது சரியில்லை. விடியுமுன் உலுக்கி எழுப்பப்படுவதால் அந்தப் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. அவள் உலுக்கியது கோலா சுங்கை பாருவுக்குத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்த அந்த நாலு வயதுப் பிள்ளையை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் மகள் வெறுமனே தூக்கம் கெட்டு அழுதாள்.

"படுக்கப் போறப்பவே சொல்லலாம்ல?" என்றேன். "நாளைக்கு நீ எந்திரிக்கறப்ப அம்மா இருக்கமாட்டேன், பாட்டி இருப்பாங்க, மத்தியானம் ரொட்டிக்காரன் ஹார்ன் அடிக்கறப்ப அம்மா வந்துடுவேன்னு சொல்லு. அதே மாதிரி வந்துடு."

"சரி டீச்சர்," என்பாள். வீட்டுக்குப் போய் அதேபடி சொல்லவும் செய்வாள். விடிகாலையில் திரும்பவும் எழுப்பிவிடுவாள். தூங்கும் பிள்ளையை விட்டுவிட்டு வாசற்படி தாண்ட அவள் கால் வரவில்லை. வாரா வாரம் இதே கதை. எனக்குச் சலித்துப்போனது. ஒருநாள் அவள் பேசிக்கொண்டிருக்கையில், ஐயோ, தூங்குகிற பிள்ளையை விட்டுத் தொலையேன் என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் எடுக்கலாம் என்று நினைத்து, நான் எழுந்தால் அவள் வாசலைப் பார்ப்பாளே என்று உட்கார்ந்தேன். என் வேலையே அவ்வளவுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. நாற்காலியில் இருப்பது. அதற்குப் போய் இவ்வளவு களைப்பு.

நடுவில் மாமியாரை ஒருமுறை வரச்சொல்லி, மருமகளையும் வைத்துக்கொண்டு பேசினேன். ஆயாவாக இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எந்தப் பிள்ளைக்கு எப்படிப் பால் ஆற்றுவார், எது எப்படிக் கத்தும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"அழாத பிள்ளைங்க இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சே. ரொம்ப நல்ல பிள்ளைங்க. தொட்டில்ல போட்டா போட்ட இடத்துலயே கெடக்கும். தொல்லையே இல்ல. மத்தியானம் அவ அம்மாக்காரி வந்து நின்னாக்கூட திரும்பிப் பாக்காது."

சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் கொஞ்ச நேரம் மருமகளைப் பார்த்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. "அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? பெரட்டுக்கு நேரமாச்சுன்னா ஆள் கணக்கு எடுக்குற தண்டல் விடுவானா? அவளுங்க நின்னு கொஞ்சிக்கிட்டு இருந்தா சோத்துக்கு எங்க போறது?"

"யாரையும் குத்தம் சொல்லலம்மா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் சொன்னார், "சரி. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறதா இருந்தா முழிச்சிருக்கிறப்பதான் கூட்டிட்டுப் போவேன். பிள்ளகிட்டயும் இவகிட்டயும் சொல்லிட்டுத்தான். அதுக்குமேல என்னைக் கேக்காதீங்க. தீபாவளி தீபாவளிதான்."

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்னால்தான் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. வெட்டி எடுக்க வேண்டும், ஒரு மாதம் ஓய்வு என்றார்கள். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதி. ஒரு மாதம் யாருடைய கதையையும் கேட்க வேண்டாம். அதற்கு அடுத்தபடி இவள் ஞாபகம் வந்தது. அவளுடைய கெடு தீர்கிற நேரத்தில் நான் இருக்கமாட்டேன்.

எங்கள் ஆலோசனை நிலையத்தின் மேலாளர் ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும், தங்கமான மனிதர். "அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லாதீங்க," என்றார். "ஊசி போடுறப்ப நான் ஊசியைக் காட்டமாட்டேன். அந்தப் பக்கம் பாரு காக்கான்னு சொல்லிட்டுப் போட்டுடுவேன். நீங்க ஆஸ்பத்திரி போனதும் டீச்சர் லீவுன்னு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். இப்பவே சொல்லி அது மனசை ஏன் நோகடிக்கணும், கெசியான் லா, பாவம்."

பாவமே என்ற அவர் நல்லெண்ணத்தில் குறையில்லை. அதே நல்லெண்ணத்தோடுதான் அன்றைக்கு அவளை டாக்சியில் ஏற்றியிருப்பார்கள். "இல்ல சார், சொல்லிடறேன்" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே அவளிடம் சொன்னேன். ஆபரேஷன், இந்த நாளிலிருந்து இருக்கமாட்டேன், தீபாவளி முடிந்து வரும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இதே நேரத்தில் இதே நாற்காலியில் இருப்பேன்.

"அப்படியா டீச்சர். ஒடம்பப் பாத்துக்குங்க. நான் சாமி கும்புட்டுக்கிறேன்," என்றாள், சிரித்த முகமாக. அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, மகளுக்கு வாங்கிய தீபாவளிச் சட்டையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நேரம் முடியுமுன் கிளம்பினாள். நான் போவதற்கு முந்தைய கடைசிச் செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. விடப்பட்டவர்கள் முந்திக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று தாளில் படித்திருந்தேன். படித்திருந்தால் என்ன, வலித்தது. அந்த ஒரு மணி நேரமும் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டினார்கள், தைத்தார்கள், வலித்தது. தீபாவளிக்குப் படுக்கையில் கிடந்தேன். கணவர் சமைத்த கோழிக் குழம்பில் உப்பு அள்ளிப் போட்டிருந்தது. இந்நேரம் பிள்ளையை மெர்லிமாவுக்குக் கொண்டுபோயிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே அதைச் சாப்பிட்டேன். நான் சொல்லாமல் போயிருந்தால் அவளாவது தொடர்ந்து வந்திருப்பாளோ என்றும் நினைத்தேன்.

நான் சொன்ன செவ்வாய்க்கிழமை வந்தபோது தையல் சரியாக ஆறியிருக்கவில்லை. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இன்னும் ஒரு வாரம் கழிச்சு வாங்களேன், அந்தப் பொண்ணே வருமோ என்னமோ" என்று மேலாளர் போன் செய்தார். எனக்கும் அது வேண்டியிருந்தது. படுத்தே கிடக்கலாம் போல அப்படி ஓர் அசதி. ஆனால் நாளைச் சொல்லியாகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி, செருப்பைக் கழற்றிப்போட்டு, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன்.

நேரம் ஆனது. அவள் வரவில்லை. பாதி நேரம் போனது. கிளம்பிவிடலாமா என்று நினைக்கும்போது படியில் சத்தம் கேட்டது. அவள் வாசலில் நின்று என் செருப்பைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றினாள். உள்ளே வந்து என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"எளைச்சிட்டீங்க," என்றாள் சுவரைப் பார்த்து.

"ஆமாமா. நீ எப்படி இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்." பிறகு சட்டென்று குரல் உடைந்து, "நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. எனக்கு வந்த கோவத்துக்கு இனிமே இங்க வரவே கூடாதுன்னு இருந்தேன். இப்பவும் பஸ்ஸ விட்டு எறங்கிட்டு, மாடிக்கு வராம கீழயே நின்னுக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

அத்தனை மாதத்தில் அவள் என்னிடம் காட்டிய முதல் கோபம் அது. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? "கோவம் வரத்தானே செய்யும்," என்றேன். "வேணும்கிற நேரத்துல நான் இல்லையே."

அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொன்னாள். தீபாவளி முடிந்ததும் மாமியார் பிள்ளையை மெர்லிமாவுக்குக் கூட்டிப்போனார். சொன்னபடியே பட்டப்பகலில், பிள்ளை விழித்திருக்கும்போது. சனிக்கிழமைதோறும் அம்மாவிடம் கொண்டுவந்து விடுவேன் என்று பிள்ளையிடமே சொன்னார். பிள்ளை கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ஓடிவந்து பார்த்தாராம். இவள் காரின் பக்கத்தில் நின்று, "சனிக்கிழமை, சனிக்கிழமை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். சனிக்கிழமை மாமியார் கொண்டுவந்து விட்டார்.

"இறங்கினதும் என்கிட்ட வரல டீச்சர். பாக்கவே இல்ல. அப்புறம் ஓடியாந்து அடிச்சா. கையக் கடிச்சா. அத்தை, 'பாரு, அம்மாவயே அடிக்கிறா'ன்னு கைய ஓங்கிட்டாங்க. நான், அடிக்கட்டும் அத்தைன்னேன். அடிச்சு முடிச்சிட்டு மடியில ஏறி உக்காந்தா. எறங்கவே இல்ல." தன் கையில் பல் பதிந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். "அத்தை பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், ஆட்ட வித்துட்டு இங்கயே இருந்துடறேன்னாங்க. என்னமோ அவங்களாவே சொன்னாங்க."

காற்றாடி சுற்றியது. கீழே மெஷின் ஓடியது.

"இன்னிக்குக் காலையில எழுப்பல," என்றாள். "ராத்திரியே சொல்லிட்டேன். காலையில தூங்கிக்கிட்டு இருந்தா. நின்னு பாத்துட்டுப் போயிட்டேன். பஸ்ஸுல திரும்பித் திரும்பி வீட்டுப் பக்கமே பாத்துக்கிட்டுப் போனேன். மத்தியானம் வீட்டுக்குப் போனேன். ரொட்டிக்காரனுக்கு முன்னாடியே வாசல்ல உக்காந்திருந்தா. என்னப் பாத்து, 'வந்துட்டியா'ன்னா. அவ்வளவுதான். எந்திரிச்சு வெளையாடப் போயிட்டா. அப்புறம் அவகிட்ட சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏதோ கேட்கலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவள் தலை மெல்லச் சரிந்தது. நிமிர்த்திக்கொண்டாள். கதவைப் பார்த்தாள். திரும்பவும் சரிந்தது. இந்தத் தடவை நிமிரவில்லை. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்தது.

அவள் தூங்கிவிட்டாள்.

நான் அசையவில்லை. தையல் போட்ட இடம் சுரீர் சுரீரென்று இழுத்தது. காலை மாற்றி வைக்க வேண்டும், பாத்ரூமுக்கு வேறு போக வேண்டும். நேரம் முடிந்துவிட்டது. மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். தூங்குகிறவளைப் பார்த்துவிட்டு, அவள் விழிப்பதற்குள் நீங்கள் போய் ஓய்வெடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையாலேயே சைகை செய்தார். நல்ல மனிதர். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அந்த நாற்காலியை விட்டு என்னை யாரும் எழுப்பியிருக்க முடியாது.

வெயில் ஜன்னல் கம்பியை விட்டு இறங்கும்வரை தூங்கினாள். பிறகு கண்களைத் திறந்தாள். ஒரு கணம் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கூரையைப் பார்த்தாள். நாற்காலியின் விளிம்பைக் கை பிடித்தது. திரும்பி வாசலைப் பார்த்தாள். இரண்டு ஜோடிச் செருப்பும் அங்கேயே கிடந்தன. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"நீங்க போவலையா டீச்சர்?"

"இல்லமா. இங்கதான் இருக்கேன்."

அவள் என்னையே பார்த்தாள். உதடு கோணியது. நாலு வயதில் அழாமல் இருந்து எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கியவள், முகத்தை மூடக்கூடத் தோன்றாமல் ஓவென்று அழுதாள். கீழே மெஷின்கள் நின்றன. மேலாளர் பதறிப்போய்க் கையில் தண்ணீர் டம்ளருடன் ஓடிவந்தார்.

"அழட்டும் சார்," என்றேன்.